கடை வாசலில், என் கையால்

இரும்பு நடைபாலத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, பினாங்கில் குளுகோர் பக்கத்துப் பெரிய ரோட்டைக் கடப்பது ஜனங்களுக்கு ஒரு வித்தையாகிவிட்டது. பாலம் இருந்தபோது அதை வையாத வாய் கிடையாது. படியெல்லாம் துரு, மேலே பூனை மூத்திர நாற்றம், மழை பெய்தால் வெளியே நனைவதைவிட உள்ளே அதிகம் நனையலாம். எதிர்ச்சாரியில் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்துவிட்டு வானத்தை முட்டுகிற மாதிரி என்னவோ கட்டப்போகிறார்கள், கிரேன் வந்து நிற்க இடம் வேண்டும் என்று பாலத்தைக் கழற்றினார்கள். வேலை முடிந்ததும் இதைவிட நல்லதாக, குளிர்சாதனம் போட்டே கட்டித் தருவார்களாம். அதுவரைக்கும் ஜனங்கள் பறந்து போய்க்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே வரிசையாகக் கடைகள். முடிவெட்டுகிற கடை, கைப்பேசிக் கடை, சீன மருந்துக் கடை, முனையில் முகம்மது கனியின் நாசி கண்டார் சோற்றுக்கடை. கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடுகிற அஞ்சடி நடைபாதை நடப்பதற்காகத்தான் கட்டப்பட்டது. ஆனால் கனி கடை வந்ததும் அது மேசை நாற்காலியாக மாறிவிடும். நடக்கிறவன் கீழே ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போய் மறுபடி ஏறிக்கொள்வான். யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. எதிர்ப்பக்கம் தகர வேலி, வேலிக்குப் பின்னால் குழி, குழிக்குப் பின்னால் அடுக்குமாடிகள். அங்கே இருக்கிறவர்கள் பஸ் ஏறவும் கிளினிக் போகவும் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமையானால் கனி கடைப் பொட்டணத்துக்கும் வர வேண்டும்.

பொட்டணம் கனியின் நேர்ச்சை. மகன் இக்மல் சின்ன வயதில் டெங்கிக் காய்ச்சலில் கிடந்து இனித் தேறமாட்டான் என்று இருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் வெள்ளிதோறும் ஜும்மா முடிந்ததும் கடை வாசலில், என் கையால், இல்லாதவர்களுக்குச் சோறு கொடுப்பேன். இக்மல் பிழைத்தான், வளர்ந்தான், கல்யாணமும் முடித்து இப்போது ஜுருவில் ஒரு கார்க் கம்பெனியில் காடி விற்கிறான். வெள்ளிக்கிழமைச் சோறு ஒரு வாரமும் நின்றதில்லை. கனியை ஆயிரம் குறை சொல்லலாம், இதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் கொடுப்பது கனி என்றாலும் ஆக்குவது அவர் மனைவி காமாரியாதான். வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு கடையின் பின்கட்டுக்கு வந்துவிடுவாள். அரிசி களைந்து, கோழியை மஞ்சளில் புரட்டி, முட்டைக்கோஸ் அரிந்து, தால்சாவுக்குப் பருப்பை ஏற்றுவாள். தால்சாவில் ஆட்டு எலும்பு விழுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் பருப்பைத் தனியாக எடுத்து மூடி வைப்பாள். அது வடிவம்மாளுக்கு. வடிவம்மாள் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள். எதிர்ப்பக்கத்து அடுக்குமாடியில் மகள் தனுஜாவோடு இருக்கிறாள். தனுஜாவுக்கு செபராங் ஜெயாவில் ஆபீஸ் வேலை. வடிவம்மாள் ஒரு பேரங்காடியில் கழிவறை கழுவிக்கொண்டிருந்தாள், முட்டி தேய்ந்துபோய் நின்றுவிட்டாள். பொட்டணம் வாங்க வருகிறவள்தான், ஆனாலும் வந்தால் பின்கட்டுக்கு வந்து பால் விடாத தே ஓ ஒன்று குடித்துவிட்டு, காமாரியாவோடு ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவாள்.

பாலம் போனதற்கு மறு வெள்ளி வடிவம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"என்னக்கா, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"ஒரு பஸ்காரன் ஆரன் அடிச்சான் பாரு, உசுரே போயிருச்சு. நடுக் கட்டையில ஏறி நின்னுக்கிட்டேன். ரெண்டு பக்கமும் காடி. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. வெயிலு வேற மண்டையப் பொளக்குது."

"இந்தக் காலோட ஏன்க்கா ஓடி வர்றீங்க? பக்கத்து வீட்டு வேலுகிட்ட சொல்லிவிட்டா வாங்கிட்டு வந்துருவாருல்ல?"

"அவரு கேக்காமயா? எல்லாருக்கும் சேத்து நானே வாங்கிட்டுப் போறேன், கெழங்கட்டைங்க ரோடு தாண்ட வேணாம்னு கேட்டாராம். ஒங்க வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாரு லா. ஆளு வரணுமாம், அவரு கையால அவங்க கையில குடுக்கணுமாம்."

காமாரியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலம் கடை கொஞ்சம் அடங்கினதும் புருஷனிடம் பேச்செடுத்தாள்.

"இங்க பாருங்க. பொட்டணத்த நம்ம வேன்ல ஏத்தி அந்தப் பக்கம் பிளாட்டுக்குக் கீழ கொண்டுபோய்க் குடுத்தா என்ன? சும்மாதான நிக்கிது வேனு. முன்னால போயி ஒரு யூ-டர்ன், அவ்ளோதான்."

கனி கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நேர்ச்சைய நம்ம சௌரியத்துக்கு மாத்துறதா?"

"யாரு சௌரியத்துக்கு? அந்த சனங்க ரோட்ட தாண்டுறதுக்குள்ள படுற பாடு…"

"கடை வாசல்ல, என் கையாலன்னு வாயால சொன்னேன். அல்லாகிட்ட சொன்ன வார்த்த. அதுல ஒரு எழுத்தக் கூட மாத்தக் கூடாது."

"பள்ளிவாசல் அஸரத்துகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதா?"

துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்: "இன்னொண்ணு தெரியுமா? வெள்ளிக்கெழம எதுத்தாப்ல கட்டடம் கட்டுற கம்பெனி ஆளுங்க இங்கதான் வந்து சாப்புடுறாங்க. கடைசியில இந்த வரிசையையும் அவங்கதான் வாங்கப் போறாங்க. புதுக் கட்டடத்துக் கீழ்மாடியில சாப்பாட்டுக் கடைக்கு எடம் விடுவாங்களாம். கூட்டம் இருக்கிற கடைக்குத்தான் மொதல்ல குடுப்பாங்களாம். வாசல்ல சனம் வரிசை கட்டி நிக்கிறத நல்லா பாக்கட்டும்."

நேர்ச்சை பொய்யில்லை, காமாரியாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும்தான் நின்றாள். ஆனால் நேர்ச்சையின் தோளில் இன்னொன்றும் ஏறி உட்கார்ந்திருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்து, சமூக மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கம்பெனியிலிருந்து ரோஹானா என்ற பெண் வந்து திரையில் படம் காட்டினாள். வரப்போகிற கட்டடம், வரிசையாக மரம், பலூன் பிடித்த குழந்தை, கைகோத்து நடக்கிற புருஷன் பெண்டாட்டி. அந்தப் படத்தில் பெரிய ரோடு இருந்தது, அதில் ஒரு காடி கூட இல்லை. பினாங்கில் அப்படி ஒரு ரோட்டை யாராவது கண்டால் புகைப்படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நகராண்மை எஞ்சினியர் எழுந்தார். வயசுப் பையன், பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. பாலம் மறுபடி வர வருஷக்கணக்காகும், அதுவரை நடப்பவர்களுக்கு ஒரு சிக்னல் விளக்கு போடலாம் என்றார். ஜனங்கள் எங்கே கடக்கிறார்களோ அங்கேதான் போட வேண்டும், அது நாசி கண்டார் கடைக்கு நேர் எதிரே. ஆனால் விளக்கு வந்தால் அந்த இடத்தில் காடி நிறுத்தக் கூடாது, ஓரத்தில் கம்பித் தடுப்பும் வரும்.

கடைக்காரர்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. கனி எழுந்து நின்றார்.

"வெளக்கு வேணாம்னு யாரு சொன்னா? நல்லா போடுங்க. ஆனா எங்க கடை முன்னாலதான் போடணுமா? தாப்பாவ் கட்டி எடுத்துட்டுப் போறவன் காடிய நிப்பாட்டுவான், எறங்குவான், வாங்குவான், போயிருவான். அவனுக்கு நிப்பாட்ட எடம் இல்லன்னா அடுத்த கடைக்குப் போயிருவான். எங்களையும் கொஞ்சம் பாருங்க லா. வேற எங்கயாவது தள்ளிப் போடுங்க."

"தள்ளிப் போட்டா யாரு அங்க நடந்து போவா?" என்று பின்னாலிருந்து வேலு சத்தம் போட்டார். "மொழங்காலு தேஞ்ச பொம்பளைங்க அம்புட்டு தூரம் நடந்து போயி வெளக்க அமுக்குவாங்களா?"

கூட்டத்தை நடத்தியவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அந்த இடத்தில் வேண்டாம் என்கிற கடைக்காரர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கனி தூக்கினார். முடிவெட்டுகிறவர், கைப்பேசிக்காரர், சீன மருந்துக்காரர் எல்லாரும் தூக்கினார்கள். கனி திரும்பி மனைவியைப் பார்த்தார். கடை அவள் பெயரிலும் இருக்கிறது. கடையை நம்பி இத்தனை பேர், இந்த மனுஷன் ராத்திரி முழுக்கப் புரண்டு படுக்கிறது, இருக்கிற கூட்டமும் போனால் புது இடம் கிடைக்காது என்று காமாரியாவுக்கு என்னென்னவோ ஓடியது. அவளும் கையைத் தூக்கினாள். முன்வரிசையில் இருந்த வடிவம்மாள் சரியாக அந்த நேரம் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது வடிவம்மாள் படியில் நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்சம் கையப் புடிச்சு அந்தப் பக்கம் விட்டுர்றியா தங்கச்சி?" என்றாள்.

இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள். ஒரு இடைவெளி கிடைத்ததும் நடுக் கட்டைக்கு ஓடினார்கள். வடிவம்மாளின் ஓட்டம் ஓட்டமே இல்லை, ஒரு காலை இழுத்து இழுத்துப் போடுகிற நொண்டல். காமாரியாவின் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"கோவமாக்கா?"

"கோவப்பட்டு என்னத்துக்கு? ஒனக்குக் கடை வேணும், எனக்குக் காலு வேணும். நான் அங்க ஒக்காந்திருந்தா நானும்தான் தூக்கியிருப்பேன்." அடுத்த சந்து கிடைக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "தூக்கியிருக்கமாட்டேன்னு நெனைக்கிறேன், தெரியல லா" என்றாள்.

அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போதுதான் காமாரியாவுக்கு ஒன்று உறைத்தது. இந்த ரோட்டின் ஓரத்தில் இத்தனை வருஷம் பிழைத்தும் பாலம் போன பிறகு அதை அவள் ஒரு தடவை கூடக் கடந்ததில்லை. லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. முந்தானை காற்றில் இழுபட்டது. கடைப்பக்கம் வந்து சேர்ந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிக்னல் விளக்கு எங்கேயும் வரவில்லை. தள்ளிப் போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நகராண்மையில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, மலைப்பக்கம் கறுத்துத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜும்மா விட்டு எல்லாரும் சாப்பாட்டுக்கு வந்த நேரம். கடை முன்னால் காடிகள் ஒன்றை ஒட்டி ஒன்று இரண்டு வரிசையாக நின்றன. இரண்டாம் வரிசைக் காடிகளில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அதுதான் அவர்கள் கேட்கிற மன்னிப்பு. வாசலில் கனி தொப்பி போட்டுக்கொண்டு பிஸ்மில்லா சொல்லிச் சொல்லிப் பொட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தார். அஞ்சடி மேசையில் ரோஹானாவும் கம்பெனி ஆட்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காமாரியா வடிவம்மாளின் பொட்டணத்தோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

வடிவம்மாள் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடுக் கட்டையிலிருந்து இறங்கினாள். ஒரு சந்து கிடைத்தது, இழுத்து இழுத்துக் கடந்து வந்துவிட்டாள். கடைசியாக அந்த இரண்டு வரிசைக் காடிகளுக்குள் நுழைய வேண்டியதுதான் பாக்கி. இரண்டாம் வரிசையில் நின்ற வெள்ளைக் காடிக்காரன் அப்போதுதான் தாப்பாவ் வாங்கிக்கொண்டு ஏறியிருந்தான். வாரத்தில் மூன்று நாள் வருகிறவன், நல்ல மனுஷன். பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தான், வரவில்லை. முன்னால் பார்க்காமல் வெட்டி எடுத்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தலை கூடத் தூக்கவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அது வந்து சேர்கிற மாதிரித் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கடைக்கு வருகிற இக்மல்தான், "வேன எடுங்க, வேன எடுங்க" என்று கத்தினான். அஞ்சடி ஓரம் நின்ற கடை வேனில் கோழிக் கூடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு வடிவம்மாளைக் கிடத்தினார்கள். முன்னால் நின்ற காடிக்காரர்களைத் தேடிப் பிடித்து நகர்த்தச் சொல்லவே நேரமாகிவிட்டது. ஒருவர் கை கழுவிவிட்டு வருகிறேன் என்றார். காமாரியா வேனுக்குள் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தனுஜாவுக்குச் சொல்லிராத, பயந்துரும்" என்றாள் வடிவம்மாள். ஆஸ்பத்திரியில் மகள் வந்து பார்க்கும்வரை கூட உயிர் இருக்கவில்லை.

கனி அழுதார், பொய்யாக அழவில்லை. காரியச் செலவையெல்லாம் அவரே ஏற்றுக்கொண்டார். சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கடையிலிருந்து மரக்கறிச் சாப்பாடு போனது. கனி அண்ணனுக்குப் பெரிய மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். பத்திரிகையில் கீழே ஒரு மூலையில் போட்டிருந்தார்கள்: முறையான கடப்பிடத்தைப் பயன்படுத்தாமல் சாலையைக் கடந்த மாது காடி மோதி மரணம். முறையான கடப்பிடம் எங்கே இருந்தது என்று எழுதினவன் சொல்லவில்லை. நகராண்மைக்காரர்கள் வந்து, பாதசாரிகள் கவனம் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

மறு வெள்ளியும் பொட்டணம் வாசலில்தான். காமாரியா இன்னொரு தடவை கேட்கலாமா என்று நினைத்தாள். இழவு விழுந்த நேரத்தில் அந்த மனுஷனை மேலும் குத்தக் கூடாது என்று விட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டும். ஜனங்கள் அதே ரோட்டை ஓடி ஓடிக் கடந்து வந்து, வாங்கிக்கொண்டு, ஓடி ஓடிக் கடந்து போனார்கள். பருப்பை எடுத்துத் தனியாக வைக்கும் வேலை மட்டும் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

கொஞ்ச நாள் கழித்துக் கனி மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எடம் கெடச்சிருச்சு! கீழ்மாடி, முன்பக்கம். அந்தப் பொண்ணு ரோஹானாவே கூப்புட்டு சொல்லிருச்சு. அதுவரைக்கும் பக்கத்துல தற்காலிகமா ஒரு கடை போட்டுத் தர்றாங்களாம்."

"அல்ஹம்துலில்லா" என்றாள் காமாரியா. மனதாரத்தான் சொன்னாள்.

"ஒரே ஒரு கண்டிசன். வாசல்ல சனங்கள வரிசையில நிப்பாட்டி ஓசிச் சோறு குடுக்கக் கூடாதாம். கட்டடத்துக்கு அது அழகா இல்லையாம். தற்காலிகக் கடையிலயும்தான்."

காமாரியா சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றப் போன கையை நிறுத்தினாள். "அப்ப நேர்ச்சை?"

"அஸரத்தப் பாத்துக் கேட்டேன்ல! எடத்த மாத்திக்கலாமாம். வாங்குறவங்களுக்கு லேசா இருக்கிற மாதிரி குடுத்தா இன்னும் நன்மையாம். நான்தான் குடுக்கணும்னு கூட இல்லையாம், எனக்காக நீ குடுக்கலாமாம். பொட்டணத்த வேன்ல ஏத்தி பிளாட்டுக்கே கொண்டுபோயிரு. நல்ல யோசனைதான?"

"எப்பக் கேட்டீங்க?"

"நேத்து. ரெண்டு நிமிசம் ஆகல. சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாரு."

"நான் அப்பவே சொன்னேன், அஸரத்த ஒரு வார்த்த கேளுங்கன்னு."

கனி சோற்றைப் பிசைந்துகொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப சொன்ன?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்து போயிருந்தார். காமாரியாவுக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. ஆணத்தை ஊற்றினாள், அவர் போதும் என்று கை காட்டினார்.

வெள்ளிக்கிழமை இக்மல் வேனை ஓட்டினான். முன்னால் போய் ஒரு யூ-டர்ன், தகர வேலியை ஒட்டி ஒரு திருப்பம், அடுக்குமாடிக்குக் கீழே வந்துவிட்டார்கள். புறப்பட்டபோது பாடத் தொடங்கிய ரேடியோப் பாட்டு இன்னும் முடியவில்லை. காடி நிறுத்துகிற இடத்தில், மரத்து நிழலில், ஜனங்கள் நிதானமாக இறங்கி வந்தார்கள். ஒருத்தி வீட்டு நைட்டியோடு வந்திருந்தாள். வேலு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, நிற்க முடியாதவர்களை உட்கார வைத்தார். "இப்டி குடுத்தா எவ்ளோ சொகமா இருக்கு பாருங்க, ரொம்ப நன்றிங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். காமாரியா பிஸ்மில்லா சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

வரிசையில் தனுஜாவும் வந்தாள். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுத் தாயின் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தாளாம். கண் வீங்கியிருந்தது. பொட்டணத்தை வாங்கிக்கொண்டாள், நகரவில்லை. கேட்க வேண்டும் என்று வந்தவள் போலவும் தெரியவில்லை, வாயில் வந்ததைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இந்த மாரி முன்னாலயே கொண்டாந்து குடுத்திருக்கலாம்ல?"

ஸ்டியரிங்கில் இருந்த இக்மல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் கனியைச் சொல்ல வேண்டும், தான் தூக்கிய கையைச் சொல்ல வேண்டும், புதுக் கட்டடத்தில் கிடைத்த இடத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் இத்தனை பேர் முன்னால். காமாரியா அடுத்த பொட்டணத்தைக் கையில் எடுத்தாள்.

"முன்னால வேனு ரிப்பேர்ல கெடந்துச்சும்மா" என்றாள்.

தனுஜா வேனைப் பார்த்தாள். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே பொட்டணக் கூடைகள் இருந்தன. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மாவ இதுலதான ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?"